பத்துக் குண்டுச் சட்டம்

அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் சாம்பவி கடைசியாக என்னிடம் கேட்டது, சைக்கிள் டியூப்பில் பஞ்சர் ஒட்டுவது எப்படி என்பதைத்தான். போனில் சொல்லிக் கொடுத்தேன். பசை வாங்கக் கடைத்தொகுதிக்குப் போனாள். அங்கே ஒருவன் சுட்டான்.

ஆறு மாதம் கழித்து, லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் லாப்டொப்பை வைத்து அந்த ஊர் வழக்கறிஞருடன் பேசினோம். துப்பாக்கியில் செருகும் ஒரு மகசீனில் பத்துக் குண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டமாம். சுட்டவன் பத்துக் குண்டு மகசீன்கள் இரண்டை ஒரு பிளாஸ்டிக் கவ்வியால் சேர்த்து வைத்திருந்தான். அது குற்றமில்லையாம். மகசீன் மாற்றுகிற நேரத்தில் சனங்கள் ஓடித் தப்பட்டும் என்றுதான் அந்தச் சட்டமே வந்தது என்றார். சாம்பவிக்குப் பட்டது இரண்டாவது மகசீனின் குண்டு.

மனைவி சுவர்ணா லாப்டொப்பை மூடினாள்.

“அப்ப இவள் ஏன் ஓடேல்லை? விறைச்சுப்போய் நிண்டவளோ?”

“ஓட ஏலாது, சுவர்ணா. சேர்த்துக் கட்டினால் மாத்திச் செருக ரெண்டு செக்கன்தான்.”

“சைக்கிள் கடை வைச்சிருந்த உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?”



வன்னியில் சைக்கிள் கடை வைத்திருந்தது உண்மை. போரின் கடைசி வருடம் கடைக்குச் சைக்கிள்கள் வரவில்லை, இயக்கத்தின் மகசீன்கள்தான் வந்தன. பழைய டியூப்பை நாடாவாக வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். கட்டியதும் துவக்கில் மாற்றிப் பார்த்து, சுவர் மணிக்கூட்டில் நேரமும் பார்ப்பேன்.

அதிலும் இரண்டு செக்கன்தான்.