சிவசங்கரன் வைத்த குழம்பு

"புளியைக் கரைச்சு ஊத்தினியா, இல்ல சும்மா காட்டிட்டு எடுத்துட்டியாம்மா?"

மாமனார் அப்பாதுரை கேட்டதும் மகாவுக்குச் சுருக்கென்றது. நேற்று இதே வாய்தான் புளி தூக்கல் என்றது. அதனால்தான் இன்று குறைத்திருந்தாள்.

"எனக்கு நூக்கோல் வேணாம். நாறுது." நாலாவது படிக்கும் சிந்து தட்டைத் தள்ளினாள்.

"முந்தாநாளும் நூக்கோல், இன்னைக்கும் நூக்கோல். மார்க்கெட்ல வேற காயே இல்லையாம்மா?" இது பத்தாவது படிக்கும் தினேஷ்.

கணவன் சிவசங்கரன் வாயைத் திறக்கவில்லை. அவன் வழக்கம் வேறு. இரண்டு கவளம் சாப்பிடுவான், பெருமூச்சு விடுவான், ஊறுகாய் பாட்டிலைத் திறப்பான். அந்த மூடி திறக்கிற சத்தத்துக்கு அவன் நாலு திட்டே திட்டியிருக்கலாம்.

பதினாறு வருஷமாக இதே கதைதான். விடிவதற்குள் எழுந்து ஐந்து டப்பா கட்டி, கார்மென்ட்ஸுக்கு ஓடி, நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைத்து, பஸ்ஸில் நின்றபடியே தொம்மலூர் வீட்டுக்குத் திரும்புவாள். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு என்ன?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சொன்னதும் நாலு முகமும் ஒன்றாகக் கோணும்.

லேத் பட்டறை வேலை முடிந்து சிவசங்கரன் மூன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிடுவான். வந்து டி.வி. பார்ப்பான்.

"ஒரு நாளாவது நல்லாயிருக்குன்னு சொன்னா, உங்க வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று அன்றைக்குக் கேட்டே விட்டாள் மகா.

"நல்லாயிருந்தா சொல்ல மாட்டோமா?" என்றான் தினேஷ். எல்லோரும் சிரித்தார்கள். சிவசங்கரனும்தான்.

அந்த வாரமே அது நடந்தது. மெஷின் ஊசி மகாவின் வலது ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. டாக்டர் பெரிதாகக் கட்டுப் போட்டு, "பத்து நாள் தண்ணி படக்கூடாது, நெருப்புக்கிட்டயும் போகக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் சிந்து மட்டும் கட்டைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குதாம்மா?" என்றாள். மற்ற மூன்று பேரும் அடுப்பைத்தான் பார்த்தார்கள்.

"என்ன பெரிய சமையல்? நான் பாத்துக்கறேன்." சிவசங்கரன் லுங்கியை மடித்துக் கட்டினான்.

"பருப்பு எங்க இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"நீ போய் உட்காரு. இந்தப் பக்கம் வந்தே, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

இரண்டு மணி நேரம் பாத்திரங்கள் உருண்டன. ஒரு தம்ளர் விழுந்தது. என்னவோ தீய்ந்த வாசனை வந்தது. கடைசியில் தட்டு போட்டார்கள். மகா சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

அப்பாதுரை ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"டேய், பிரமாதம்டா!"

"சூப்பர்ப்பா! இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றான் தினேஷ்.

"தும்ப சென்னாகிதேப்பா!" என்று பள்ளிக்கூடக் கன்னடத்தில் பாராட்டினாள் சிந்து. அவள் தட்டில் இருந்தது நூக்கோல். ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் விழுங்கினாள்.

சிவசங்கரன் பூரித்துப்போனான். "உப்பு, உறைப்பு எல்லாம் கை அளவுதான். அதெல்லாம் தானா வரணும்," என்று மகாவைப் பார்த்துச் சொன்னான். அந்தப் பூரிப்பிலேயே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, டீக்கடை நண்பர்களிடம் பெருமையடிக்கக் கிளம்பியும் விட்டான்.

மகாவுக்கு வயிறு எரிந்தது. பதினாறு வருஷம் வராத வார்த்தை, ஒரே வேளையில் மூன்று பேர் வாயிலிருந்தும் வருகிறதே!

இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு வாய்தான். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. பருப்பு வேகவே இல்லை. அடிப்பிடித்த கசப்பு வேறு. ஒரு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

கழுவப் போட்டிருந்த தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றிலும் ஒரு பருக்கை மிச்சமில்லை.

இதையா இவர்கள் சாப்பிட்டார்கள்?

அவளுக்கு மெல்லப் புரிந்தது. யாராவது ஒருத்தர் முகத்தைச் சுளித்திருந்தால் போதும், அவளால் உட்கார்ந்திருக்க முடியாது. ஒற்றைக் கையோடு எழுந்து வந்து அடுப்பில் நின்றிருப்பாள். அது தெரிந்துதானே மூன்று பேரும் முகம் சுளிக்காமல் விழுங்கியிருக்கிறார்கள்? அந்தச் சின்னக் கழுதை நூக்கோலைக்கூடத் தின்றிருக்கிறதே!

கண்ணில் நீர் முட்டியது. 'இத்தனை வருஷம் இதுகளைத் தப்பாவே நினைச்சுட்டேனே.'

அப்பாதுரை கட்டிலில் உட்கார்ந்து மூன்றாவது சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். மகா அருகில் போய் நின்றாள்.

"மாமா... எனக்காகத்தானே அதைச் சாப்பிட்டீங்க?"

"எதைம்மா?"

"அந்தக் குழம்பைத்தான். நான் இந்தக் கையோட எழுந்து வந்துடக் கூடாதுன்னுதானே எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொன்னீங்க?"

அப்பாதுரை ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, மகன் இன்னும் திரும்பவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீ ஒண்ணும்மா! அவனை ஒரு வார்த்தை குறை சொன்னா, கரண்டியை வீசிட்டுப் போயிடுவான். அப்புறம் பத்து நாளைக்கு நாங்க என்ன பண்றது? பசங்ககிட்ட முன்னாடியே சொல்லித்தான் உட்கார வச்சேன். உன்கிட்டன்னா அந்தப் பயமே இல்லை பாரு... என்ன சொன்னாலும், நாளைக்கும் நீ சமைச்சுப் போட்டுடுவே!"