எந்தக் கால் வலிக்குது?

"அத்தை, வலது கால்னுதானே சொன்னேன்? இப்ப இடது காலை இழுத்துட்டு வர்றீங்க."

மாமியார் சூசையம்மாள் ஹால் நடுவுல அப்படியே நின்னாங்க. "வலதுதான் மக்கா. திரும்பும்போது மாறிட்டு."

பென்சன் தலையில கை வெச்சுக்கிட்டான். ஏர்லைன் ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்ற நேரம் ஆயிடுச்சு. இந்தம்மா இன்னும் ஒழுங்கா நொண்டப் பழகல.

எல்லாம் முந்தாநாள் வந்த ஒரு போனால வந்த வினை. "சூசையம்மாள்ங்கிறவங்க கடைசியா டப்ளின் போன ரெண்டு தடவையும் வீல்சேர் எடுத்திருக்காங்க. அது பத்திப் பேசணும். வீட்டுக்கே வரலாமா?"

அதோட அவனுக்குத் தூக்கம் போச்சு. சூசையம்மாள் இங்க டெல்லியில கோல் மார்க்கெட்டுக்கு நடந்தே போய், ரெண்டு கையிலயும் காய்கறிப் பையோட மூணு மாடி ஏறி வர்ற ஆளு. மூச்சு கூட வாங்காது. இவங்களுக்கு வீல்சேர்னா எவன் நம்புவான்?

"இந்தப் பொய்யே வேண்டாம்னு அப்பவே சொன்னேன்." அவன் பொண்டாட்டி டெல்பின், ஆஸ்பத்திரி டியூட்டி முடிச்சு வந்த யூனிஃபார்மைக் கூட மாத்தல. "அம்மாவை இனிமே ஏத்த மாட்டோம்னு சொல்லிட்டா? டிசம்பர்ல ஜோஸ்லினுக்குப் பிரசவம். அங்க அவளுக்குன்னு யாருங்க இருக்கா?"

ஜோஸ்லின் டெல்பினோட தங்கச்சி. அவளும் நர்ஸ்தான், அயர்லாந்துல, டப்ளின்ல.

"அதுக்குத்தானேம்மா இவங்களை நடக்கப் பழக்குறேன்."

"நல்லா நடக்குறவங்களை நடக்கப் பழக்குற ஒரே ஆளு நீங்கதான்."

காலிங் பெல் அடிச்சுது.

வந்தவங்க பேர் சுஜாதா. முப்பது வயசு இருக்கும். உள்ள வந்ததுமே தமிழ்ல பேசினாங்க. பென்சன் இதை எதிர்பாக்கல. இந்திக்காரங்கன்னா எதையாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்.

சூசையம்மாள் வலது காலை இழுத்து இழுத்து வந்து, "அம்மா தாயே"ன்னு சோபாவுல உக்காந்தாங்க. அருமையான நடிப்பு. பென்சனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு.

அந்த நேரம் பாத்து உள்ள அடுப்புல பால் பொங்குற சத்தம்.

"ஐயோ பாலு"ன்னு ஒரே பாய்ச்சல். கிச்சனுக்குள்ள போயே போயிட்டாங்க.

பென்சன் தரையையே பாத்துக்கிட்டிருந்தான்.

சூசையம்மாள் கையைத் துடைச்சுக்கிட்டே மெதுவாத் திரும்பி வந்தாங்க. எந்தக் காலை இழுக்கறதுன்னு அவங்களுக்கே மறந்துபோச்சு.

"அம்மா," சுஜாதா நிதானமாக் கேட்டாங்க, "நீங்க டெல்லியில வீல்சேர் கேக்கல. டப்ளின்ல எறங்கியும் கேக்கல. நடுவுல பிளைட் மாறுற ஏர்போர்ட்ல மட்டும் கேட்டிருக்கீங்க. ஏன்?"

"அது வந்து மேடம், அங்க ஏசி ரொம்ப ஜாஸ்தி, அந்தக் குளிருக்கு மூட்டு..."

"விடுங்க மக்கா." சூசையம்மாள் மருமகனை நிறுத்திட்டாங்க. "எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கும்மா. மொதத் தடவ நடந்துதான் போனேன். அந்த ஏர்போர்ட்டுக்குள்ள ஒரு ரயில் ஓடுது, பாத்துக்கிடுங்க. எல்லாரும் ஏறுறாவளேன்னு நானும் ஏறிட்டேன். எறங்குன எடத்துல ஒண்ணும் வெளங்கல. இங்கிலீஷ் தெரியாது. இந்தியும் நமக்கு பையா, கித்னா, அவ்வளவுதான். யாருகிட்ட என்னன்னு கேக்க? பிளைட்டு போயிட்டு. ஒரு தூண்கிட்ட உக்காந்து ஜெபமாலை சொல்லிக்கிட்டே அழுதேன். பொறவுதான் ஜோஸ்லின் சொன்னா, வீல்சேர்னு போட்டா ஆள் வந்து சரியான வாசல்ல கொண்டு விடுவாங்கன்னு."

குரல் எறங்கிப்போச்சு.

"நெசமாவே நடக்க முடியாதவங்க அங்க நாற்காலிக்குக் காத்துக்கிட்டிருந்தாவ. அவங்க மொகத்தப் பாக்க முடியாமக் குனிஞ்சுக்கிட்டேன். தப்புதான். ஆனா டிசம்பர்ல மட்டும் என்னத் தடுத்துராதீங்க தாயே."

"நான் தடுக்குற டிபார்ட்மென்ட் இல்லம்மா," சுஜாதா சொன்னாங்க. "புதுசா எந்த ஊருக்கு பிளைட் விடலாம்னு பாக்குற டிபார்ட்மென்ட்."

பென்சன் நிமிர்ந்தான்.

"டெல்லியிலேர்ந்து டப்ளினுக்கு நேரடி பிளைட் விடலாமான்னு ரொம்ப நாளாப் பேச்சு. போறவங்க நிறைய இருக்காங்க. ஆனா பாதிப்பேர் அங்க வேலை பாக்குறவங்களோட அப்பா அம்மா. 'அவங்களுக்கு டிக்கெட் மலிவா இருந்தா போதும், எங்க வேணாலும் எறங்கி ஏறுவாங்க, நேரடி பிளைட்டுக்கு வர மாட்டாங்க'ன்னு மேலிடத்துல ஒதுக்கி வெச்சுட்டாங்க. நான் பழைய புக்கிங் எல்லாம் பாத்தா, உங்களை மாதிரியே எக்கச்சக்கமான பேர். இங்கயும் அங்கயும் நல்லா நடக்குறாங்க, நடுவுல மட்டும் கால் வலி. ஆபீஸ்ல எல்லாரும் ஏமாத்து வேலைன்னு சொன்னாங்க. எனக்கு பயம்னு தோணுச்சு. பயம்னா நேரடி பிளைட்டுக்குக் கண்டிப்பா வருவாங்கல்ல? உங்க வாயால கேக்கத்தான் வந்தேன். இதை மீட்டிங்ல சொல்லலாமாம்மா?"

"எம் பேரைப் போட்டே சொல்லுங்க."

அக்டோபர்ல அறிவிப்பு வந்துச்சு. டிசம்பர் மொத வாரத்துலேர்ந்து டெல்லி டு டப்ளின், நடுவுல எங்கயும் நிக்காது. டெல்பின் அன்னைக்கே டிக்கெட் போட்டுட்டா. சூசையம்மாள் ஞாயித்துக்கிழமை கோயில்ல நன்றிப் பூசைக்குக் கொடுத்துட்டு வந்தாங்க, சுஜாதா பேர்ல.

பென்சன் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னான். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மேடம். ஒண்ணு மட்டும் கேக்கணும். அத்தனை பேரும் ஏமாத்துன்னு சொன்னப்ப, உங்களுக்கு மட்டும் எப்படி அது பயம்னு தெரிஞ்சுது?"

சுஜாதா குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க.

"எங்கம்மா இங்க ஜனக்புரியில தினம் காலையில பார்க்கைச் சுத்திச் சுத்தி நடக்குறவங்க சார். டொரண்டோவுல இருக்குற எங்கண்ணனைப் பாக்கப் போகும்போது மட்டும் வீல்சேர். வருஷா வருஷம் அதைப் புக் பண்ணித் தர்றது, ஏர்லைன்ல வேலை பாக்குற நான்தான்."