அப்பா கொடுத்த இன்டர்வியூ

அப்பா செபஸ்ரியன் கோட்டும் டையுமாக வந்து சோபாவில் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே றோஷினி தலையில் கைவைத்தாள்.

ஒரு கிழமையாக அப்பாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். உதவி அலுவலகத்திலிருந்து வருகிற பெண் அவரால் எதெது முடியாது என்று பார்க்கத்தான் வருகிறார். முடியாததை முடியாது என்று சொன்னால்தான், அரசாங்கச் செலவில் தினமும் காலையில் ஆள் வந்து குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும். நடிக்கத் தேவையில்லை, வழமைபோல இருந்தால் போதும்.

அவரும் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டியிருந்தார்.

அம்மா அன்னமலருக்கு இடுப்பு போய்விட்டது. இனியும் புருசனைத் தூக்கினால் அம்மாவையும் யாராவது தூக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். றோஷினிக்கோ அடுத்த மாதம் ஜெனீவாவில் புது வேலை.

அந்த அலுவலகப் பெண், ஃபிறவ் கெல்லர், வந்ததும் செபஸ்ரியன் விறைப்பாக எழுந்து நின்று கைகொடுத்தார்.

றோஷினி கண்ணைக் காட்டினாள். பார்த்தும் பாராத மாதிரி இருந்தார்.

தனியாகக் குளிப்பீர்களா? குளிப்பாராம்.

படி ஏறுவீர்களா? ஓடி ஏறுவாராம்.

சுவிஸில் எத்தனை மாநிலம் என்று கேட்காமலே சொன்னார். தாங்கள் இருக்கிற ஷாஃப்ஹவுசனில் ஓடுகிற ஆறு எது என்றும் சொன்னார். ஃபிறவ் கெல்லர் சிரித்துக்கொண்டே, சொக்ஸ் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

றோஷினிக்கு அப்பாடா என்றிருந்தது. இதில் மாட்டுவார்.

செபஸ்ரியன் குனிந்தார். மூச்சு வாங்கியது. நெற்றி நரம்பு புடைத்தது. சொக்ஸ் ஏறியது. ஒன்றல்ல, இரண்டும்.

“நேற்று வரைக்கும் இந்தக் காலுக்கு நான்தானே போட்டுவிட்டனான்,” என்றார் அன்னமலர், திறந்த வாய் மூடாமல்.

கிழமை முழுக்க மனுசன் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே முக்கி முனகியது இதற்குத்தானா! மலச்சிக்கல் என்று நினைத்து அன்னமலர் பப்பாப்பழம் வேறு வெட்டிக் கொடுத்திருந்தார்.

ஃபிறவ் கெல்லர் மனதாரப் பாராட்டினார். இவ்வளவும் செய்கிறவருக்கு உதவி கிடைப்பது கஷ்டம் என்று றோஷினியிடம் மெல்லச் சொல்லிவிட்டு எழுந்தார்.

றோஷினி அப்பாவை முறைத்தாள். அவரோ முதற்பரிசு வாங்கின பிள்ளை மாதிரி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

வாசலில் ஃபிறவ் கெல்லர் ஒரு காலுக்குச் சப்பாத்து மாட்டியிருந்தார். செபஸ்ரியன் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார். தனக்குத் தெரிந்த டொச் பாஷையில், மிக மரியாதையாகக் கேட்டார்.

“அப்ப, நாங்கள் இங்கயே இருக்கலாமோ? எங்களைத் திருப்பி அனுப்பமாட்டியள்தானே?”

இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போட் அவர் கைக்கு வந்தபோது றோஷினிக்குப் பாற்பல் விழுந்துகொண்டிருந்தது.

அன்னமலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஃபிறவ் கெல்லர் மாட்டிய சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு, திரும்ப உள்ளே வந்தார்.