மலை தெரியும் கோணம்

“கேமராவ இன்னுங் கொஞ்சம் கெழக்க கொண்டு போ தாயி. வேலியத் தாண்டட்டும்” என்றார் பெரியவர்.

பேட்டையில் அந்த மாடி அறையில் கேமரா என்று எதுவும் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் சுகிர்தா, அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் பெரியவர், அவ்வளவுதான். கேமரா திரைக்குள்ளே இருந்தது. ஆழ்வார்குறிச்சியில் இன்னும் கட்டாத ஒரு மாடி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் படம் வரைந்து கொடுக்கச் சுகிர்தா சொந்தமாக ஆபீஸ் திறந்தபிறகு கிடைத்த முதல் வீடு அது. மனைக்குச் சொந்தக்காரர் குமரகுருபரனுக்குப் புனேயில் வேலை. “நாளைக்கு எங்க பெரியப்பா வருவாவ. அவுக சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் உங்களுக்கு வேல. இல்லேன்னா சென்னைக் கம்பெனிக்குக் கொடுத்துருவேன்” என்று முந்தின நாள் போனில் கறாராகச் சொல்லியிருந்தார்.

சொன்னபடி காலை பத்து மணிக்குப் பெரியவர் வந்துவிட்டார். “ஆழ்வார்குறிச்சியிலருந்து வாரேன். மனையில உம் போர்டு நட்டிருக்குல்லா, அதுல விலாசம் பாத்தேன். அந்த வீடு எப்பிடி வரப்போவுதுன்னு காட்டு” என்றார். வயதில் மூத்தவரிடம் பேரைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண் சுகிர்தா. பேரைக் கேட்கவில்லை, கீழே கடையிலிருந்து காபி வரவழைத்தாள்.

பிறகு கைவசம் இருந்த வித்தையை எல்லாம் இறக்கினாள். ஹாலைக் காட்டும்போது கேமராவின் பார்வையை அகலமாக்கி வைத்தாள். பதினாறு அடி ஹால் கல்யாண மண்டபம் போல விரிந்தது. பெரியவர் கொட்டாவி விட்டார்.

சமையலறைக்குள் கூட்டிப் போனாள். பூஜை அறையில் விளக்கை எரியவிட்டாள். ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் தரையில் விழுகிற மாதிரி சூரியனைக்கூட நகர்த்திக் காட்டினாள். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல் வேலையே கையைவிட்டுப் போகிறதே என்று சுகிர்தா பதறினாள்.

“உள்ள கெடக்கட்டும். நீ வெளிய வா” என்றார் அவர். “மேக்க மலை தெரியணும்லா. அதக் காட்டு.”

சுகிர்தாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மலையை அளவு பிசகாமல் திரைக்குள் கொண்டுவர அவள் இரண்டு நாள் மெனக்கெட்டிருக்கிறாள். எந்த மனுசனும் அதைக் கேட்கமாட்டான் என்று மறைத்து வைத்திருந்தாள். இதோ, ரசனை உள்ள ஒருவர் வந்துவிட்டார். மறைத்து வைத்த மலையைத் திரையில் வரவழைத்து, அவர் சொன்னபடி கேமராவைக் கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் மேற்கே திருப்பினாள்.

வீடுதான் தெரிந்தது. மலையில் ஓரமாக ஒரு துண்டு மட்டும் எட்டிப் பார்த்தது.

“அம்புட்டையும் மறைச்சிட்டே” என்றார் பெரியவர். குரல் இறங்கிப் போயிருந்தது. “காலையில எந்திரிச்சதும் பாக்குத மலை.”

“மாடியில நின்னா நல்லாத் தெரியும் அண்ணாச்சி. இன்னா பாருங்க” என்று கேமராவைப் புது வீட்டின் பால்கனியில் ஏற்றினாள்.

“அங்கன தெரியாம எங்க போவும்? இங்கனருந்துல்லா தெரியல. திரும்பக் கொண்டா.”

வீட்டைக் கண்ணாடியில் கட்டச் சொல்வாரோ என்று சுகிர்தாவுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் கையெழுத்து வேண்டுமே. “மாடிப்படிக்கு மேல உள்ள கூரைய ரெண்டடி கொறைச்சிரட்டுமா அண்ணாச்சி?” என்று பணிவாகக் கேட்டாள்.

“சேச்சே. ஆசப்பட்டுக் கெட்டுத வீடு, அதுல கை வைக்கப்படாது. நீ கேமராவ மட்டும் பைய ஒசத்து.”

ஒசத்தினாள்.

“இன்னும். இன்னுங் கொஞ்சம். அன்னா... நிறுத்து.”

மொட்டைமாடிக்கு மேலே மலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முழுசாக வந்து நின்றது. அன்றைக்கு முதல் தடவையாகப் பெரியவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தாள்.

“கேமரா இப்ப எம்புட்டு ஒசரத்துல நிக்கு?”

“முப்பத்தாறு அடி.”

சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, பின்பக்கம் கவனமாகக் குறித்துக்கொண்டார். எதற்கு என்று சுகிர்தா கேட்கவில்லை. சிரிக்கிற மனுசரைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன்.

“திருப்திதானே அண்ணாச்சி?”

“ரொம்பத் திருப்தி தாயி. நல்லா வேல படிச்சிருக்க.”

கையெழுத்துக்கான தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பேனாவைத் திறக்கும்போது போன் அடித்தது. குமரகுருபரன். வாயெல்லாம் பல்லாக எடுத்தாள்.

“சார், உங்க பெரியப்பாவுக்கு வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.”

“பிடிச்சிருக்கா? அவுக இப்பத்தானங்க பஸ்ஸே ஏறுதாவ” என்றார் அவர்.

சுகிர்தாவுக்குப் பகீரென்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையிலேயே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டாள்.

“அண்ணாச்சி, நீங்க யாரு?”

“கெழக்க அடுத்த வீடு. எனக்கு இதவிட ஒரு மாடி கூட வச்சு வரஞ்சு தா தாயி.”