மர ஒட்டகம்

ராஜஸ்தான் கோட்டை வாசலுக்கு வந்ததும் முப்பிடாதி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்றாள். தலைப்பாகை கட்டிய காவலாளி ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"கைய எறக்குடி. இங்க யாரும் தடவிப் பாக்க மாட்டாங்க. இது இன்னா நம்ம கம்பெனி கேட்டு செக்கிங்கா?" என்றாள் கூட வேலை பார்க்கும் அமலா.

இறங்கிய கை கழுத்துக்குப் போனது. "கார்டு இல்லாம வெறுங்கழுத்தா இருக்கது ஒரு மாதிரி இருக்குட்டி."

படப்பையிலிருந்து கூடவே வந்த டூர்க்காரர் பரசுராமன் மதிலைக் காட்டினார். "எதிரிங்க எத்தினியோ மாசம் முட்டிப் பாத்தானுங்களாம், உள்ள பூர முடியல. கடைசில சமாதானம்னு சொல்லி, வெளிய விருந்து வெச்சுக் கூப்ட்டானுங்க. உள்ள இருந்தவனுங்க போய்த் துன்னுட்டு வந்து பாத்தா கதவு சாத்திக் கீது."

"சோத்துக்கா வெளிய வந்தானுங்க? கூறுகெட்டவனுங்க," அமலா சிரித்தாள்.

மணலில் நின்று முப்பிடாதி ஊருக்குப் போன் போட்டாள். "எம்மா, பெர்மனென்ட் ஆயிட்டுன்னு வச்சிக்கோ. இனிமே நாளைக்கு வராதன்னு எவனும் சொல்ல முடியாது."

போன வாரம் கான்ட்ராக்டில் இருந்த பத்துப் பெண்களும் நிரந்தரம் கேட்டு அசெம்பிளி லைன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஷிப்ட் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. ஹெச்.ஆர். வசந்தகுமார் வந்து, அவர்களோடு தரையிலேயே உட்கார்ந்து பேசினார். முதலாளி சம்மதித்துவிட்டார், புது கார்டு அடிக்கணும், பழைய கான்ட்ராக்ட் கார்டைக் கொடுத்துவிட்டுக் கம்பெனி செலவில் ராஜஸ்தான் சுற்றிப் பார்த்து வாருங்கள் என்றார். பஸ் தயாராக நின்றது.

முப்பிடாதி அவருக்கென்று ஒரு மர ஒட்டகம் வாங்கினாள். "நல்ல மனுசன், பாவம்."

படப்பை திரும்பியதும் ரூமுக்குக்கூடப் போகாமல் நேராகக் காலை ஷிப்டுக்கே வந்து இறங்கினார்கள். கேட் சாத்தியிருந்தது. உள்ளே லைன் ஓடும் சத்தம் கேட்டது.

தினமும் "சாப்ட்டியா முப்பிடாதி?" என்று கேட்டு அனுப்புகிற செக்யூரிட்டி கன்னியப்பன், கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"தொறங்கண்ணே. புது கார்டு வசந்தகுமார் சார்ட்ட இருக்கு."

கன்னியப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஒட்டகத்தைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"