கட்டைவிரல் நின்ற இடம்

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எதையும் படிப்பதில்லை. எச்சில் தொட்ட கட்டைவிரலால் சீட்டுக்கட்டைப் போலச் சரசரவென்று தள்ளி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். மேசையில் இருந்ததெல்லாம் செங்கல் கனம். கடைசி வருட மாணவி ரெஜினாவுடையது மட்டும் அப்பளம். "சீனியரோடதுல இருந்து பத்துப் பக்கம் எடுத்துப் போடும்மா, கையில எடுத்தா வெயிட்டா இருக்கணும்" என்று துறைத்தலைவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் அவள் கேட்கவில்லை. 'கண்டறியப்பட்டது', 'உற்றுநோக்கப்பட்டது' எல்லாவற்றையும் அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாள். படங்களைக் கடைசியில் குவிக்காமல், அவற்றைப் பற்றிய பேச்சு வரும் இடத்திலேயே வைத்திருந்தாள்.

கட்டைவிரல் புறப்பட்டது. நடுப்பக்கம் ஒன்றில் ரெஜினா எழுதியிருந்தது: 'நான் கட்டிய மாதிரிப் பாலம் முறிந்தது. கணக்கில் தப்பு என்னுடையது. விரிசல் தொடங்கிய இடம் கீழே படத்தில்.'

விரல் நின்றது. பிறகு ஒரு தாள் பின்னால் போனது. தேர்வாளர் சட்டைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவருடைய டீயில் ஆடை படிந்தது.

துறைத்தலைவர் வாட்சைப் பார்த்தார். "சார், அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா?"

"இருங்க சார்," என்றார் அவர், தலை நிமிராமல். "இந்தப் பொண்ணு இப்பதான் பாலத்தை மறுபடி கட்டுது."