சமையலறையிலிருந்து ஒரு மதிப்பெண்

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் வரை, லீட்ஸ் நகரத்து நீலும் அவன் மனைவி ஹேசலும் தினம் ஒரு புது பீரைத் திறந்து, ருசி பார்த்து, ஆளுக்கொரு மதிப்பெண் சொல்வார்கள்.

அன்று சோபாவில் நீல் "ஏழு" என்றான். ஹேசல் "அஞ்சு" என்றாள். சமையலறையிலிருந்து அவள் குரலிலேயே "ஒம்பது" என்று கேட்டது. வீட்டில் வேறு யாருமில்லை.

"நல்லாத்தான் வித்தை காட்டுற" என்று நீல் சிரித்தான். ஹேசல் எழுந்து போய்ச் சமையலறை விளக்கைப் போட்டுப் பார்த்தாள்.

மறுநாள் அவள் பீரைத் தொடவில்லை, வாயும் திறக்கவில்லை. நீல் "மூணு" என்றான்.

"பத்து" என்றது உள்ளிருந்து அவள் குரல்.

"இந்தக் கழுநீருக்கா பத்து? நாக்கு செத்துப்போச்சா உனக்கு?" என்றபடி நீல் எழுந்து உள்ளே போனான்.

"நீல், நான் இங்கதான் இருக்கேன்."

அவன் திரும்பவில்லை. உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒன்று அவளுடைய சிரிப்பு.